மூத்தோர் நினைவைக் காப்போம்

கடைக் கணக்கை நாள் தவறாமல் எழுதும் நாம், பாட்டனார் வரலாற்றை எழுதி வைத்தோமா?

ஜொகூரில் வாணிபம் செய்யும் நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறி வந்தவர்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்தது. சிங்கப்பூரில் இறங்கியோர் 1924-இல் திறந்த கடற்பாலத்தின் வழியே இக்கரை சேர்ந்தனர்.

அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பல அரபுத்தமிழில் இருந்தன. எழுத்து அரபு, மொழி தமிழ். நன்னிமார் விரல் வைத்து அவற்றை வாசித்ததைச் சிறு வயதில் கண்டிருக்கிறோம். இன்றைய பேரனுக்கு ஓதவும் தெரியும், தமிழும் தெரியும்; கடிதந்தான் விளங்கவில்லை. அரபியில் இல்லாத ட, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, அரபு எழுத்துகளில் புள்ளி முதலிய குறிகளைக் கூட்டி எழுதினார்கள். அதை அறிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆகவே, மூன்று காரியம் செய்வோம். பழைய கடிதங்களை எறியாதிருப்போம். படிக்கத் தெரிந்த பெரியவரைக் கொண்டு வாசிக்கச் செய்து, தமிழில் எழுதி வைப்போம். நாம் கண்ட பாட்டனார், பூட்டனார் பெயரையும் ஊரையும் குணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பூட்டனாரைக் கண்ணால் கண்டவர்கள் நம் வீட்டில் நாமே கடைசி. நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?