வாய்க்கேற்ற வாழ்வு

நுழையும்முன்

கிளியின் அலகைக் கண்டு ஒரு மாங்கனிக்குக் 'கிளிமூக்கு' என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அதே மாமரத்தில் வாழும் சிற்றுயிர்களின் வாயை உற்று நோக்கியவர் சிலரே. பயிரின் விளைச்சலும் மக்களின் நலமும் அச்சிறு வாய்களோடு தொடர்புடையன என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

மாந்தோப்பில் ஒரு சிற்றுயிர்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது வெதுருகுப்பம். தெலுங்கில் 'வெதுரு' என்பது மூங்கிலைக் குறிக்கும். ஊர்ப்பெயரில் மூங்கில் இருந்தாலும், மாவட்டத்திற்குப் புகழ் சேர்ப்பது மாமரமே. தமிழர் கிளிமூக்கு என்றும் தெலுங்கர் தோத்தாபுரி என்றும் வழங்கும் கனி, இங்கிருந்து பழக்கூழ் ஆலைகளுக்குப் பெருமளவில் செல்கிறது.

மாமரம் பூத்துக் குலுங்கும் காலத்தில் ஆப்பு வடிவமுள்ள சிறு பூச்சிகள் பூங்கொத்துகளில் கூடுகின்றன. இவையே தத்துப்பூச்சிகள். இவை பூவைக் கடிப்பதில்லை, இலையைத் தின்பதுமில்லை. ஊசி போன்ற வாயை இளந்தண்டில் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. சாறிழந்த பூக்கள் காய்ந்து உதிர்கின்றன. பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பான கழிவு இலைகளில் படிய, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. இலை ஒளியைப் பெற இயலாமல் மரம் மேலும் நலிவடைகிறது. விரல் நுனியளவுகூட இல்லாத பூச்சி, ஓர் உழவரின் ஓராண்டு வருவாயைக் குறைத்துவிடுகிறது.

கால்களே வாயாயின

பூச்சி, சிலந்தி, நண்டு, பூரான் ஆகியவை கணுக்காலிகள் எனப்படும். வெட்டுக்கிளியின் வாய் பூச்சிகளின் அடிப்படை அமைப்பைத் தெளிவாகக் காட்டும். அதில் மேலுதடு ஒன்று, தாடைகள் இரண்டு, துணைத்தாடைகள் இரண்டு, கீழுதடு ஒன்று, நாக்குப் போன்ற உறுப்பு ஒன்று ஆகியவை உள்ளன. மனிதரின் தாடை மேலும் கீழுமாக அசையும். வெட்டுக்கிளியின் தாடைகளோ கத்தரிக்கோலைப் போலப் பக்கவாட்டில் அசைந்து இலையை நறுக்கும்.

தாடைகளும் துணைத்தாடைகளும் தொல்பழங்காலத்தில் கால்களைப் போன்ற உறுப்புகளாக இருந்தவை என்று அறிவியலார் விளக்குவர். துணைத்தாடைகளை ஒத்த மற்றோர் இணை உறுப்பு ஒன்றிணைந்தே கீழுதடாயிற்று. இம்மாற்றத்தின் சுவடுகளை இன்றும் காணலாம். பூரானின் முதல் இணைக் கால்களே நச்சுக்கொடுக்காக மாறியுள்ளன. நண்டின் முன்கால்களில் மூன்று இணைகள் உணவை வாய்க்குள் தள்ளும் தாடைக்கால்களாகப் பணிபுரிகின்றன.

ஓர் அமைப்பு, பல கருவிகள்

தத்துப்பூச்சியில் இதே தாடைகளும் துணைத்தாடைகளும் நான்கு நுண்ணூசிகளாக நீண்டுள்ளன. துணைத்தாடை ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்தி இரு குழாய்களை உண்டாக்குகின்றன. ஒன்றின் வழியே உமிழ்நீர் இறங்கும். மற்றொன்றின் வழியே சாறு ஏறும். பெண் கொசுவிற்கு ஆறு ஊசிகள் உண்டு. அது கடிக்கும்போது அவற்றை மூடியுள்ள கீழுதடு பின்னோக்கி வளைந்துகொள்ளும். 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டறிந்தார். அதன்பின் கொசுவின் வாய் உலகெங்கும் கவனத்திற்குரியதாயிற்று.

வண்ணத்துப்பூச்சி இளமையில் புழுவாக இருந்து தாடைகளால் இலையைத் தின்கிறது. கூட்டுப்புழு நிலை கடந்து வெளிவந்தவுடன், பிரிந்திருக்கும் இரு பாதிகளை ஒன்றாக இணைத்து உறிஞ்சுகுழலை அமைத்துக்கொள்கிறது. ஒரே உயிர் இரு பருவங்களில் இருவகை வாயைப் பெறுவதால், தாயும் சேயும் ஒரே உணவிற்குப் போட்டியிடுவதில்லை.

மலரும் வாயும் ஒன்றுக்கேற்ப மற்றொன்று மாறுவதும் உண்டு. மடகாசுகரைச் சேர்ந்த, ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள தேன்குழலைக் கொண்ட ஆர்க்கிட் மலர் ஒன்றைச் சார்லசு டார்வின் ஆராய்ந்தார். அவ்வளவு நீண்ட உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சி அங்கு இருத்தல் வேண்டும் என 1862ஆம் ஆண்டில் எழுதினார். டார்வின் மறைந்து இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1903ஆம் ஆண்டில் அத்தகைய அந்துப்பூச்சி அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று.

வாயறியாமல் மருந்தில்லை

நிலக்கடலையைத் தாக்கும் இலைப்பேனுக்கு இடத்தாடை மட்டுமே வளர்ந்திருக்கும். அதனால் இலையைக் கீறி, கசியும் சாற்றை உறிஞ்சும். 2000ஆம் ஆண்டில் அனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேர் நிலக்கடலைப் பயிரைத் தண்டுக்கருகல் நோய் தாக்கியது. இழப்பு 300 கோடி ரூபாயைத் தாண்டியது. பார்த்தீனியம் போன்ற களைகளின் மகரந்தத்தில் இருந்த வைரஸ், இலைப்பேன் சுமந்துவந்த அம்மகரந்தத்தோடு இலையை அடைந்து, அது கீறிய காயத்தின் வழியே பயிருக்குள் புகுந்தது. கண்ணுக்குப் புலப்படாத கீறல் மாவட்டம் முழுவதையும் வாட்டியது.

இலைமேல் படிந்து, தின்றால் மட்டுமே கொல்லும் நஞ்சு, இலை தின்னும் புழுவை அழிக்கும். இலைப்பரப்பிற்குக் கீழுள்ள சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியை அழிக்காது. மேலும், மலர்ச்சி மிகுந்த வேளையில் நஞ்சைத் தெளித்தால், மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் ஈக்களும் தேனீக்களும் மடியும். காய் பிடிப்பது குறையும். அடர்ந்த கிளைகளைக் கவாத்துச் செய்து காற்றும் வெயிலும் புகச் செய்தல், தத்துப்பூச்சி பெருகுவதைக் குறைக்கும். நோய்நாடி மருந்தளிப்பது மருத்துவர் கடமை. வாய்நாடி மருந்திடுவது உழவர் கடமை.

சொல்லும் பொருளும்

கணு – மூட்டு
அலகு – பறவையின் மூக்கு
சுவடு – அடையாளம்
கவாத்து – கிளைகளை வெட்டிச் சீர்செய்தல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: மாங்கனி, கீழுதடு, கரும்பூசணம், நச்சுக்கொடுக்கு.

ஆ. பொருத்துக:
1. வெட்டுக்கிளி – ஆறு ஊசிகள்
2. பெண் கொசு – தாடைக்கால்கள்
3. இலைப்பேன் – நறுக்கும் தாடைகள்
4. நண்டு – இடத்தாடை மட்டும்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக:
1. தத்துப்பூச்சியின் துணைத்தாடை ஊசிகள் அமைக்கும் இரு குழாய்களின் பணி யாது?
2. வண்ணத்துப்பூச்சி இருவகை வாயைப் பெறுவதால் விளையும் நன்மை யாது?

ஈ. விரிவாக விடை எழுதுக:
பூச்சியின் வாயை அறியாமல் மருந்து தெளிப்பதால் நேரும் தீமைகளை விளக்குக.

உ. செயல்பாடு:
பள்ளித் தோட்டத்தில் சேதமுற்ற ஐந்து இலைகளைத் திரட்டுக. கடித்த தடம் எது, கீறிய தடம் எது, உறிஞ்சிய தடம் எது எனப் பகுத்து, அதற்குரிய காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுக.