மலைக்கறி என்றால் பயமில்லையா?

அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறும் வழியில் கறியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விஷயம் காதில் விழும். ஒன்று, பிராய்லர் கோழியை ஊசி போட்டுத்தான் பெருக்க வைக்கிறார்கள். மற்றொன்று, மலையாடு மூலிகை மேய்ந்தது, அரைவேக்காடாகத் தின்றாலும் ஒன்றும் பண்ணாது. முதல் பேச்சு தவறு என்றாலும் யாரையும் படுக்கையில் தள்ளாது. இரண்டாவது தள்ளும்.

ஊசிக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் நிற்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட்டால் ஆள்கூலிக்கே கறி விலை கட்டாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடலிலேயே செரித்துப்போகும். நாற்பது நாளில் இரண்டு கிலோ வருவது பல தலைமுறை இனத்தேர்வாலும் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு கலந்த தீவனத்தாலும்தான். பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரரைக் கேட்டால் சிரிப்பார். அவர் சிரிக்க முடியாத கேள்வி ஆன்டிபயாடிக் பற்றியது. வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. பயப்படுவதென்றால் இதற்குப் பயப்படலாம்.

இனி மலையாடு. ஆடு எந்தத் தழையைத் தின்றாலும் அதன் குடலில் கிருமி உண்டு, தோலில் உண்டு, அறுக்கிற கத்தியிலும் உண்டு. ஆரோக்கியமான ஆட்டின் தசைக்குள்ளே பெரும்பாலும் கிருமி இருக்காது. தோலை உரிக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் கறியின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முழுத் துண்டைவிடக் கொத்துக்கறியில் ஆபத்து அதிகம். மேலே இருந்ததை அரைத்து உள்ளே அனுப்பிவிடுகிறோம். மஞ்சள் தடவினால் கிருமி செத்துவிடும் என்று நம்பி, கோலா உருண்டையின் நடுவைச் சிவப்பாக விடக் கூடாது. கறியின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட வேண்டும். மலையில் கறி வேகாது என்பார்களே, அது மென்மையாவதற்கு நேரமாவதைச் சொல்வது. 1,000 மீட்டர் உயரத்திலும் தண்ணீர் 97 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். கிருமியைக் கொல்ல அது தாராளம். தணலில் சுட்ட பெரிய துண்டுதான் ஏமாற்றும். வெளியே கருகியிருக்கும், எலும்போரம் பச்சையாக இருக்கும்.

‘ரத்தசோகைக்குப் பச்சை ஆட்டு ரத்தம், இல்லாவிட்டால் பச்சை ஈரல்’ என்று சொல்லும் பெரியவர்கள் பாதி சரியாகச் சொல்கிறார்கள். இரண்டிலும் இரும்புச்சத்து நிறைய. ஆனால் அடுப்பில் இரும்பு அழிவதில்லை. வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கிய ரத்தப் பொரியலில் அதே இரும்பு இருக்கிறது, ருசியும் கூட. பச்சையாகக் குடித்தால் கூடவே வரக்கூடியது புருசெல்லா என்ற கிருமி. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் இழுக்கும். சுத்தத்துக்குப் பேர்போன ஜப்பானிலேயே, 2011-இல் பச்சை மாட்டிறைச்சி தின்று உயிர்கள் போன பிறகு, மறு ஆண்டு ஜூலையில் மாட்டு ஈரலைப் பச்சையாகப் பரிமாறுவதைத் தடுத்துவிட்டார்கள். கடை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஈரலுக்கு உள்ளே இருக்கும் கிருமியைக் கழுவ முடியாது என்பதுதான் காரணம்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது அடுத்த நம்பிக்கை: ‘பன்றிக்கறி தின்பவனுக்குத்தான் மூளையில் புழு வரும், நாங்கள் சைவம்.’ இதில் கறிப் பயத்தோடு சாதிப் பெருமையும் சேர்ந்துகொள்கிறது. சரியாக வேகாத பன்றிக்கறியில் புழுக்கட்டி இருந்தால், தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அதோடு கறியின் வேலை முடிந்தது. பிறகு அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கையாலோ, கீரையாலோ, தண்ணீராலோ அந்த முட்டை அவருடைய வாய்க்குள்ளோ இன்னொருவர் வாய்க்குள்ளோ போனால்தான் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரும். கொத்தமல்லிச் சட்னி மட்டும் தின்கிறவருக்கும் வரும்; வந்துமிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை நமக்குப் பக்கத்து ஊரில் நடந்தது. 1980-களில் சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்போடு வந்த பலருடைய மூளையில் ஒரே ஒரு சிறு புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்து நாடெங்கும் மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். புள்ளி மறையும், மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் குழுவினரும் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். இருந்தது நாடாப்புழுவின் கட்டி. பெரும்பாலும் அது தானாகவே மறையும். 1989-இல் ‘லான்செட்’ இதழில் இதை எழுதினார்கள். பிறகு வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம். ஆகவே பன்றிக்கறி தொடாத வீட்டுக்கும் வேண்டியது கழிப்பறையும் சோப்பும்.

பன்றிக்கறி வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். புழுக்கட்டி நிறைய இருந்தால் கறிக்குள் ஜவ்வரிசி போல வெள்ளையாகத் தெரியும். அந்தக் கறியை வாங்கக் கூடாது. நகராட்சி அறுப்புக்கூடத்தில் இதையெல்லாம் பார்க்கத்தான் கால்நடை மருத்துவர். 2001-ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு மருத்துவர் மணிக்கு 12 பிராணிக்கு மேல், நாளுக்கு 96-க்கு மேல் பார்க்கக் கூடாது. நகரத்துக் கடைகளிலேயே இந்த விதி எவ்வளவு நடக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். மரத்தடியில் அறுத்துக் கூறு போடும் ஊரில் வீட்டுக்காரர் கண்தான் மருத்துவர்.

கடைசியாக, வேக வைத்தாலும் தீராத ஒன்று. ‘ராத்திரி திடீரென்று செத்த ஆடுதானே, சூடு ஆறுவதற்குள் அறுத்து நன்றாக வேக வைத்தால் போச்சு’ என்பார்கள். செத்தது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயால் என்றால் அடுப்பு காப்பாற்றாது. காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி விதைபோல ஓடு கட்டிக்கொள்ளும். கொதிநீரிலும் எளிதில் சாகாது. தின்னாவிட்டாலும், தோலுரிக்கிறவர் கையில் கருப்பு மையம் வைத்த புண்ணாக வரலாம். ஒடிசாவின் கோராபுட் மலைக் கிராமங்களில் இப்படித் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. முதல்நாள் வரை நன்றாக மேய்ந்த ஆடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் வடிந்தால் கத்தி வைக்கவே கூடாது. நாய் இழுக்காமல் காவல் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, பட்டியில் மிச்சமிருக்கும் ஆடுகளுக்குத் தடுப்பூசி கேட்க வேண்டும்.