காந்தாரம் போன இடம்



ஒரு பொப் பாடலை ஹெவி மெட்டல் குழுவொன்று எடுத்துத் தன் பாணியில் பாடும்போது, அதாவது 'கவர்' செய்யும்போது, சத்தம் எவ்வளவு கூடிவிட்டது என்பதை மட்டும் கவனிப்பவருக்கு இரண்டு பாடல்களில் எதுவுமே சரியாகக் காதில் விழுவதில்லை. மூலப்பாடலில் இருந்த எது கைவிடப்பட்டது, அது செய்துவந்த வேலையைப் பிறகு எது ஏற்றுக்கொண்டது என்று தேடுவதே ஒப்பிடுவதற்கு நல்ல வழி. திகனயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலே இதில் பாதி விளங்கிவிடும் என்றாலும், மற்றப் பாதி விளங்குவதற்கு மெட்டல் கிட்டாரின் இயல்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை, பெருக்கிக் கருவி தாங்கும் எல்லைக்கு அப்பால் உயர்த்தி, ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்படும்படி செய்வதற்கு 'டிஸ்டோர்ஷன்' என்று பெயர். அவ்வாறு வெட்டுப்படும் ஒலியில், ஒன்றாக மீட்டப்படும் இரண்டு சுரங்கள் தம்மிடையே புதிய ஒலிகளைப் பிறப்பிக்கின்றன. நொடிக்கு 220 அதிர்வுகள் கொண்ட சட்ஜமும் 330 அதிர்வுகள் கொண்ட பஞ்சமமும் சேரும்போது அவற்றின் வித்தியாசமாகிய 110 எழுகிறது. அது அதே சட்ஜத்தின் கீழ்ஸ்தாயி ஆகையால் ஒலி கலங்காமல் தடிக்கிறது. நடுவில் மூன்றாம் சுரமாகிய காந்தாரத்தையும் வைத்தால் பிறக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடுகின்றன. இதனால் மெட்டல் கலைஞர்கள் பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிட்டுச் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். 'பவர் கோர்ட்' என்பது இதுதான். ஆனால் பொப் பாடலொன்றில் இது மகிழ்ச்சி, இது துயரம் என்று காதுக்கு முதலில் உணர்த்துவது அந்தக் காந்தாரமே; கிட்டார் அதைக் கைவிட்டபின் அந்தப் பொறுப்பு பாடுபவரின் மெட்டின் மீதோ வேறொரு கருவியின் மீதோ வந்து விழுகிறது.

புதுடில்லியில் ஜயந்த் பதுலாவும் கரண் கத்யாரும் 2016இல் தொடங்கிய பிளடிவுட் என்னும் மெட்டல் குழு, 2018இல் வெளியிட்ட 'அரி அரி' பாடலை இந்தக் கோணத்தில் கேட்க வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த பொம்பே ரொக்கர்ஸ் குழுவின் 2003ஆம் ஆண்டுப் பொப் பாடலே அதன் மூலம் என்றாலும், அந்தப் பொப் பாடலுக்கும் ஒரு மூலம் இருக்கிறது. பஞ்சாபில் 'போலி' என்று வழங்கும் நாட்டார் பாட்டில், பன்னிரண்டு ஆண்டுகள் பொருள் தேடப் போனவன் எதைக் கொண்டுவந்தான் என்ற தொடக்கம் மாறாமல் நிற்க, கொண்டுவந்த பொருளைப் பாடுகிறவர் அவ்வப்போது எதுகைக்கேற்ப மாற்றிக்கொள்வார். ஆக, ஊர் முற்றத்துப் பாட்டு நடனமேடைக்குப் போய், அங்கிருந்து மெட்டலுக்கு வந்திருக்கிறது. இதில் எதை 'அசல்' என்று சொல்வது என்னும் கேள்வியை விடவும், கை மாறும் ஒவ்வொரு முறையும் பாட்டு எதைத் தாங்கி வந்தது என்பதே பெறுமதியான கேள்வி. பதுலாவின் குரலில் வரும் 'க்ரௌல்' என்னும் அடித்தொண்டை உறுமலுக்கு நிலையான சுரம் கிடையாது. எனவே உறுமும் இடங்களில் மெட்டைக் குரல் சுமக்க முடியாது. கத்யாரின் புல்லாங்குழலும் பஞ்சாபி டோல் மேளமும் இக்குழுவின் இசையில் வெறும் அலங்காரமாக நிற்காததற்குக் காரணம் இதுவே: கிட்டாரும் உறுமலும் இறக்கி வைத்ததைக் குழல் ஏந்திக்கொள்கிறது. ராப் கலைஞர் ராவுல் கெர் ஆங்கிலத்தில் சேர்த்த வரிகளோ, தொடக்கம் மாறாதிருக்க மற்றதைப் பாடுகிறவர் நிரப்பும் அந்தப் பழைய போலி மரபுக்கு, பொப் பாடலைவிட ஒருவகையில் நெருங்கியே நிற்கின்றன. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் இக்குழு மேடையேறியது.

இதற்கு நேர்மாறாக, மெட்டல் குழு தன் கிட்டாரையே கைவிடும் வழியும் உண்டு. சைமன், கார்ஃபங்கல் என்னும் அமெரிக்கப் பாடகர் இருவரும் 1964இல் கிட்டாரோடு பாடிய 'த சவுண்ட் ஒஃப் சைலன்ஸ்' பாடலில் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இணைந்தே நடக்கின்றன. அவர்களுக்குத் தெரியாமலே 1965இல் தயாரிப்பாளர் டொம் வில்சன் அதில் எலெக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்க்க, 1966 ஜனவரியில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது அந்த வடிவமே. டிஸ்டர்ப்ட் என்னும் மெட்டல் குழு 2015இல் இதைப் பாடியபோது, மெட்டலின் அடையாளமான டிஸ்டோர்ஷன் கிட்டாரை ஒதுக்கிவிட்டுப் பியானோ, வயலின் கூட்டம், டிம்பனி என்னும் பெரிய செம்பு முரசு ஆகியவற்றை வைத்து, பாரத்தை முழுக்க டேவிட் டிரேமனின் ஒற்றைக் குரலில் ஏற்றியது; கீழ்ஸ்தாயியில் தொடங்கும் அக்குரல் கடைசியில் மேல்ஸ்தாயியில் வெடிக்கிறது. இயற்றிய போல் சைமனே அதைப் பாராட்டினார். ஆயினும் ஒருவரையொருவர் கேட்காத மனிதரைப் பற்றிய பாடலை இருவர் ஒருவரையொருவர் கேட்டபடி பாடியதில் இருந்த அழகு, ஒற்றைக் குரலில் இழக்கப்பட்டது என்பதைக் கவனமாகக் கேட்பவர் மறுக்க முடியாது.

இனி இந்த அளவுகோலை நம் இலங்கைப் பாடலொன்றில் வைத்துப் பார்க்கலாம். பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஏற்கனவே கை மாறிப் பழகியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுபோனார். அதன் உயிர் பைலா என்னும் ஆடற்பாட்டின் ஆறெண்ணிக்கைத் தாளத்தில் இருக்கிறது. மெட்டல் குழுவொன்று அதை நாலெண்ணிக்கைக்கு மாற்றினால் ஆடத் தூண்டும் அந்தச் சாய்வு மறைந்துவிடும். இரண்டு கால்களாலும் மிதிக்கும் 'டபுள் பாஸ்' டிரம்மை ஆறெண்ணிக்கையிலேயே ஓடவிட்டால் குதிரைப் பாய்ச்சலாக அது தங்கும். டில்லிக்காரர்கள் டோலை வைத்த இடத்தில் பெரஹரா ஊர்வலத்தின் கெட்ட பெரயவை, இரு முகங்களிலும் வெவ்வேறு தோல் கட்டிய அந்தக் கண்டிய மேளத்தை, வைத்துப் பார்க்கலாம். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த சேதியை உறுமிச் சொல்வதென்று முடிவானால், அந்த மகிழ்ச்சியின் காந்தாரத்தை ஏந்துவதற்குப் பைலாவுக்குப் பழக்கமான வயலின் ஒன்றை அருகில் நிறுத்த வேண்டியிருக்கும்.