கடலடிக் காட்சியும் காற்றின் அழுத்தமும்

மாணவச் செல்வங்களே! நம் பகாங் மாநிலம் மலைக்கும் தேயிலைக்கும் மட்டும் பெயர் பெற்றதன்று. தென் சீனக் கடலிலுள்ள தியோமான் தீவும் நம் மாநிலத்தைச் சேர்ந்ததே. அத்தீவைச் சூழ்ந்த கடல், கரையிலிருந்து 2 கடல் மைல் தொலைவு வரை, 1994ஆம் ஆண்டில் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றி அங்கு மீன் பிடித்தலும் பவளத்தை ஒடித்தலும் குற்றமாகும்.

பவளப்பாறை வெறும் கல்லன்று. சிற்றுயிர்கள் கூடி வாழ்ந்து கட்டிய வீடு. நாம் கிள்ளும் கொழுந்து சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். உருண்டு திரண்ட பவளமோ ஓராண்டில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளரும். ஒரு முழப் பவளத்தைக் காலால் மிதித்து உடைப்பவர் நாற்பது ஆண்டு வளர்ச்சியை நொடியில் அழித்துவிடுகிறார்.

அதனைக் காண இரு வழிகள் உண்டு. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீரின்மேல் குப்புற மிதக்கலாம். காற்றுக்கலனை முதுகில் சுமந்து ஆழத்தில் மூழ்கலாம். இதற்கு முறையான பயிற்சி வேண்டும்.

தாப்பாவுக்குப் பேருந்தில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதை அறிவீர்கள் அல்லவா? கீழே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் மிகுவதே காரணம். நீர் காற்றினும் பன்மடங்கு கனமானது. ஆதலால், அம்மலைப்பாதை முழுவதும் இறங்கி நாம் அடையும் அழுத்த மாற்றம், கடலில் இரண்டு மீட்டர் ஆழத்திற்குள்ளேயே நேர்ந்துவிடும். பத்து மீட்டரில் அழுத்தம் இரு மடங்காகும்.

அப்போது மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலில் பொங்குவதுபோல் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டுவலி உண்டாகும், கைகால் முடங்கவும் கூடும். எனவே மூழ்குவோர் மெல்ல மெல்லவே மேலெழுவர்.

கரை சேர்ந்தபின்னும் மலைவாசிகளாகிய நமக்கு இவ்வாபத்து முற்றிலும் நீங்குவதில்லை. நம் தோட்டங்கள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. இங்குக் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காலையில் மூழ்கியவர் அன்றிரவே மலையேறினால், உடலில் எஞ்சிய நைட்ரஜன் குமிழியாகலாம். விமானப் பயணிகளுக்குரிய விதியே இங்கும் பொருந்தும்: ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கீழேயே தங்க வேண்டும்.

பெற்றோர்களே! மறுநாள் வேலைக்குத் திரும்பவேண்டுமென்று இரவோடிரவாகப் பேருந்து ஏறும் நம் இளைஞர்களுக்கு இதனை எடுத்துரையுங்கள். தீவில் கழிக்கும் கடைசி நாளை மூச்சுக்குழாயுடன் மேலே மிதப்பதற்கென்றே ஒதுக்கிக்கொள்ளலாம். அவ்வாறு மிதந்தவர் காத்திருக்க வேண்டியதில்லை.