படகு உறை ஏன் ஒழுகுகிறது?

அன்புள்ள முகிலனுக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. படகு உறையைச் சோப்புத்தூள் போட்டு நுரை பொங்கக் கழுவினாய். காய்ந்ததும் இரண்டு டின் நீர்விலக்கு ஸ்ப்ரே அடித்தாய். அடுத்த மழையில் முன்பைவிட மோசமாக ஒழுகியது. “ஓட்டைகள் இன்னும் அடைபடவில்லை போலிருக்கிறது, மூன்றாவது டின் வாங்கட்டுமா ஐயா?” என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. இரசாயனப் பொறியியல் படிக்கிறவன், தொடுகோணத்தைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன், துணி என்று வந்ததும் ஓட்டை அடைக்கிற பேச்சுக்குப் போய்விட்டாயே என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அது என்ன துணி என்று உறுதி செய்துகொள். நீ அனுப்பிய படத்தில் உட்புறத்தில் பளபளப்பான பூச்சு எதுவும் தெரியவில்லை. ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி, திறந்த வெளியில், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். புகையை முகராதே, அது நச்சு. பொறிந்து எரிந்து, கறுப்பாக, ஒழுங்கற்ற கெட்டி முடிச்சாக மிஞ்சினால் அக்ரிலிக். உருகிச் சொட்டி, உருண்டையாக இறுகினால் பாலியஸ்டர். அக்ரிலிக்காகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. அமெரிக்காவின் கிளென் ரேவன் ஆலை 1960-களில் ‘சன்பிரெல்லா’ என்ற பெயரில் வெயில் மறைப்புகளுக்காகக் கொண்டுவந்தது இந்த வகைத் துணியைத்தான். இழையாக நூற்கும் முன்பே, கரைசலாக இருக்கும்போதே சாயத்தைக் கலந்துவிடுவார்கள். அதனால் நிறம் இழையின் உள்ளே நடுவரை ஊறியிருக்கும். இது பின்னால் உதவும்.

இப்போது அந்தத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடி. பாவுக்கும் ஊடைக்கும் இடையே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். புதிதாக வாங்கிய அன்றும் அந்தத் துளைகள் இருந்தன, அன்று ஒழுகவில்லை. இழையின் மேலிருந்த மெல்லிய விலக்குப் பூச்சு தண்ணீரின் தொடுகோணத்தை, அதாவது துளியின் விளிம்பு இழையோடு சேரும் கோணத்தை, 90 பாகைக்கு மேலே வைத்திருந்தது, அவ்வளவுதான். கோணம் 90-க்கு மேலே நிற்கும்வரை தண்ணீர் துளைக்குள் புக அழுத்தம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்: துளையின் விட்டம் 0.1 மி.மீ., கோணம் 110 பாகை என்றால் அந்தத் துளை ஏறத்தாழ 10 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும். கோணம் 90-க்குக் கீழே இறங்கினால் சமன்பாட்டில் குறி மாறிவிடுகிறது. அதே துளை தண்ணீரைத் தானாக உள்ளே இழுக்கிறது.

சோப்புத்தூளின் வேலையே அந்தக் கோணத்தை இறக்குவதுதான். மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் இருக்கிற தண்ணீரின் பரப்பு இழுவிசையை அது 30 வரைக்கும் கொண்டுவந்துவிடும். நீ அரைகுறையாக அலசிய துணியில் அது படிந்து நின்றது. மழை பட்டதும் கரைந்து, ஒவ்வொரு துளையிலும் தண்ணீருக்கு வழி திறந்துவிட்டது. நீ அடித்த ஸ்ப்ரேயோ இழையைத் தொடவே இல்லை. சோப்பின்மேல் உட்கார்ந்து, சோப்போடு போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு பழைய கோபத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீர் ஒட்டாமை என்றதும் எல்லோரும் தாமரை இலைக்கு ஓடுகிறார்கள். 1997-இல் பார்த்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையே பிறந்தது என்பதுபோல வகுப்பிலும் மேடையிலும் பேசுகிறார்கள். அது நல்ல கட்டுரைதான். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1944-இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த காஸியும் பாக்ஸ்டரும் நுண்துளைப் பரப்புகளின் நனைவுத்தன்மை பற்றி எழுதிவிட்டார்கள். துணியைப் பற்றிய கவலையில் பிறந்த கட்டுரை அது. துணியில் உட்காரும் துளிக்குக் கீழே பாதி இழை, பாதி காற்று. காற்றின் பங்கு கூடக் கூடத் துளி இன்னும் உருண்டு நிற்கும். அவர்கள் சொன்னது இவ்வளவுதான், எவ்வளவு பெரிய விஷயம் பார்! வாத்தின் இறகு நனையாததற்கு எண்ணெய்தான் காரணம் என்று இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள். இறகின் இழை அமைப்பையும், அது பிடித்துவைக்கும் காற்றையும்தான் பார்க்க வேண்டும் என்று அவர்கள் அப்போதே காட்டினார்கள். சமன்பாட்டுக்கு மட்டும் அவர்கள் பெயரை வைத்துவிட்டு, அந்தக் கட்டுரை துணிக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டோம். நூலகத்தில் தேடி அதைப் படி. சில பக்கங்கள்தான்.

உன் உறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறாயா? இழையின்மேல் பூச்சும் துளைகளில் காற்றும் இருப்பதால்தான் துணி தண்ணீரை விலக்குகிறது. துளைகளை ரப்பரோ பிளாஸ்டிக்கோ கொண்டு அடைத்தாலும் மழை நிற்கும். மக்கின்டாஷ் 1823-இல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து அதைத்தான் செய்தார். ஆனால் அப்படி அடைத்தால் படகுக்குள் இருக்கும் ஈரமும் வெளியேறாது. சென்னைத் துறைமுகத்துப் புழுக்கத்தில் மூடிய படகு உள்ளுக்குள்ளேயே வியர்க்கும், மரப்பலகை இற்றுப்போகும்.

படகுத்துறையில் ஒரு பெரியவர், “ரெண்டு மழை நனைஞ்சா துணி தானே இறுகிடும் தம்பி” என்றாராமே. அவர் சொன்னது பொய்யில்லை. பருத்திக்கு அது உண்மை. பருத்தி இழை ஈரத்தில் பருக்கும், துளைகள் சுருங்கும். இரண்டாம் உலகப்போரின்போது மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வுக்கூடம், கடலில் விழும் விமானிகளுக்காக இந்தக் குணத்தை வைத்தே ‘வென்டைல்’ என்ற நெருக்கமான பருத்தித் துணியை உருவாக்கியது. ஆனால் பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8.5 சதவீத ஈரத்தை ஏற்கும், அக்ரிலிக் 1.5 சதவீதம்தான். பருக்காத இழை எத்தனை மழை நனைந்தாலும் இறுகாது.

இனி வேலைக்கு வருவோம். காய்ந்த உறையை உதறி, மென்மையான பிரஷால் மண்ணையும் உப்பையும் தட்டிவிடு. உப்பை அலட்சியம் செய்யாதே. அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும். மடிக்கும்போது இழையை அராவும். பிறகு வெறும் தண்ணீரில் நனை. கையால் தொட்டால் சுடாத, வெதுவெதுப்பான தண்ணீரில் கம்பளித் துணிக்கென்று விற்கும் திரவ சோப்பைக் கொஞ்சமாகக் கலந்து தேய்க்கலாம். கட்டி சோப்பு வேண்டாம்; போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது இழையில் ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. அதற்குப் பிறகு அலசு. அலசிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குலுக்கிப் பார். நுரை நின்றால் மறுபடி அலசு. உண்மையில் இந்த வேலையில் பாதிக்கு மேல் அலசல்தான். நுரைதான் சுத்தம் என்று விளம்பரங்கள் நம் வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்ததை நீயாவது மற.

கறுப்புப் பூசணப் புள்ளிகள் இருந்தால்: பூசணம் அக்ரிலிக்கைத் தின்னாது, அதன்மேல் படிந்த அழுக்கைத் தின்னும். ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு மூன்று கோப்பை என்ற கணக்கில் திரவ ப்ளீச்சைக் கலந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலசு. சாயம் இழைக்குள்ளேயே இருப்பதால் நிறம் போகாது. பாலியஸ்டராக இருந்தால் இதைச் செய்யாதே. தெருவில் தூவும் ப்ளீச்சிங் பவுடரையும் போடாதே, சுண்ணாம்பு வண்டல் துளைகளில் தங்கும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ப்ளீச்சைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். படிக்கிற பிள்ளைகளே இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், பதறுகிறது.

படகின்மேல் இழுத்துக் கட்டி, நிழலில் காயவை. இஸ்திரி, இயந்திர உலர்த்தி எதுவும் கூடாது, அக்ரிலிக் சுருங்கும். முழுக்கக் காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீரைத் தெளி. துளிகள் உருண்டு ஓடினால் ஸ்ப்ரேயே தேவையில்லை. பழைய பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதன்மேலிருந்த அழுக்கும் சோப்பும்தான் போயிருக்கின்றன. தண்ணீர் பரவித் துணி கறுத்தால் மட்டும் பூச்சு போடு. தடிமனாக ஒரு தடவை அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு தடவை அடிப்பது நல்லது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சன்னல்மேல் படாமல் மறைத்துக்கொள், மங்கிவிடும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஃபுளோரின் சேர்ந்த பூச்சுகள் எண்ணெயையும் விலக்கும், நெடுநாள் நிற்கும். ஆனால் அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் உடலிலும் சிதையாமல் தங்குகின்றன. அவற்றில் ஒன்றைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000-இல் அறிவித்தது. 2009-இல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏறியது. கடலோரத்தில் பயன்படுத்துகிறவன் நீ. ஃபுளோரின் இல்லாததையே வாங்கு. டீசல் புகை கொஞ்சம் கூடுதலாக ஒட்டும், அடிக்கடி வெறும் தண்ணீரில் கழுவிவிட்டால் போதும்.

அந்த 10 செ.மீ. கணக்கை மறக்காதே. நடுவில் தொய்ந்து குளம் கட்டினால் எந்தப் பூச்சும் நிற்காது. உள்ளே ஒரு கம்பு நட்டு உறையைக் கூரைபோல் உயர்த்து. தையல் ஓட்டை 0.1 மி.மீ. இல்லை, அதைவிடப் பெரியது. அங்கே மட்டும் அடைப்பதற்கு உனக்கு அனுமதி தருகிறேன். தையலுக்கான மெழுகைத் தேய். வெயிலில் நூல் நைந்திருந்தால் மெழுகும் உதவாது, பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடு. தையல்களை நகத்தால் கீறிப் பார்த்து, எங்கெங்கே நூல் அறுகிறது என்று படம் எடுத்து அனுப்பு. எந்த நூல், எந்த ஊசி என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்