கன்சல்டன்ட் கோப்பு மேசைக்கு வரும்போது

அன்புள்ள தங்கைக்கு,

தில்லியில் உனக்குக் கிடைத்த முதல் கோப்பே ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவது பற்றியது என்று எழுதியிருந்தாய். பொது நிதி விதிகள் 2017-ஐப் படித்துவிட்டேன், வேறென்ன பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். மறுபடியும் அதையே படி. தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும்போது தரத்துக்கான பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, போட்டியின்றி நாமினேஷனில் கொடுத்தால் முழுக் காரணம் எழுத வேண்டும் என்பதெல்லாம் உன் பிரிவில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். அதிகம் பேர் புரட்டாத மூன்று விதிகளைச் சொல்கிறேன்.

துறையிடம் இல்லாத திறமை தேவைப்படும்போது வெளியாளை அழைக்கலாம் என்கிறது 180-ஆம் விதி. அப்படியானால் நம்மிடம் என்ன இல்லை என்று கோப்பில் யாராவது எழுதியிருக்க வேண்டுமே? தேடிப் பார். பெரும்பாலும் “பணிச்சுமை காரணமாக” என்ற ஒரு வரிதான் கிடைக்கும். ஆள் பற்றாக்குறைக்கு மருந்து காலிப் பணியிடங்களை நிரப்புவது. அதற்கு வேறு கோப்பு திறக்க வேண்டும்.

181-ஆம் விதிப்படி, வேலையின் தேவையையும் நோக்கத்தையும் எல்லையையும் துறையே எளிய, சுருக்கமான மொழியில் எழுத வேண்டும். பணி வரையறையைச் சத்தமாக வாசித்துப் பார். ஏதோ ஒரு நிறுவனத்தின் ஸ்லைடுகளிலிருந்து எடுத்தது போல ஒலித்தால், யார் வரைந்தது என்று கேள். கேள்வித்தாளை எழுதியவரே தேர்வும் எழுத வந்தால் முடிவு எப்படி இருக்கும்? வரைவுக்கு உதவிய நிறுவனம் அந்த டெண்டரில் நிற்கக்கூடாது.

இப்படி இரண்டு பக்கமும் நின்றால் என்ன ஆகும் என்று அறிய, ஆஸ்திரேலியாவில் நடந்ததை நீ முழுக்கப் படிக்க வேண்டும். பன்னாட்டு நிறுவனங்கள் வரியைத் தவிர்ப்பதைத் தடுக்கச் சட்டம் வரைந்தபோது, அந்நாட்டுக் கருவூலத்துறை பி.டபிள்யூ.சி. என்ற ஆலோசனை நிறுவனத்தின் வரி நிபுணர் ஒருவரிடம் யோசனை கேட்டது. ரகசியம் காப்பதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே அறிந்த விவரம் நிறுவனத்துக்குள் பரவி, எந்தக் கம்பெனிகளைச் சட்டம் குறிவைத்ததோ அவற்றிடமே தொழில் பிடிக்கப் பயன்பட்டது. 2023-இல் விஷயம் அம்பலமானது. மின்னஞ்சல்கள் செனட்டின் கைக்குப் போயின, தலைமை நிர்வாகி பதவி விலகினார், அரசுப் பணிகளைக் கவனித்த பிரிவை ஒரே ஒரு டாலருக்கு விற்க வேண்டிவந்தது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தும் இத்தனையும் நடந்தது என்பதைக் கவனி. உன் கோப்பிலும் அப்படியொரு ஒப்பந்தம் இணைப்பாக இருக்கும். அதோடு நின்றுவிடாதே. இதே துறையில் அந்த நிறுவனத்துக்கு எந்தெந்தத் தனியார் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கு. தயங்கினால் அதையும் குறிப்பில் பதிவு செய்.

கன்சல்டன்ட் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. சுரங்கப்பாதை வடிவமைப்புக்கோ இணையப் பாதுகாப்புச் சோதனைக்கோ ஓர் அமைச்சகம் நிரந்தரமாக ஆள் வைத்திருக்க முடியாது. ஆனால் பி.எம்.யூ. (திட்ட மேலாண்மைப் பிரிவு) என்று உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் நாடாளுமன்றக் கேள்விக்குப் பதில் வரைய ஆரம்பித்தால் உஷாராகு.

195-ஆம் விதி, வேலை நடக்கும் காலம் முழுவதும் துறையும் உடனிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே உன் பிரிவிலிருந்து இரண்டு பேரையாவது பெயர் குறித்து அந்தக் குழுவோடு சேர்த்துவிடு. கணக்கீட்டுத் தாள்களும் மூலத் தரவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுது. தாமதமாகிறது என்று மேலிருந்து தொலைபேசி வரும். ஒரு வாரம் கேள், கொடுப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்