தோழர்க்குத் தொண்டு

1859ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் சால்ஃபெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. அருகிலிருந்த ஊருக்கு வந்த ஹென்றி டூனாண்ட் என்னும் வணிகர், காயமுற்ற வீரர்களைக் கண்டு உளம் உருகினார். ஊர் மக்களைத் திரட்டி, நண்பர் பகைவர் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் தொண்டாற்றினார். அவ்வருளுள்ளமே பின்னர்ச் செஞ்சிலுவைச் சங்கமாக மலர்ந்தது. நம் பள்ளிகளில் இயங்கும் இளம் செஞ்சிலுவைச் சங்கம் அதன் கிளையேயாகும். உடல்நலம், தொண்டு, நட்பு ஆகிய மூன்றும் அதன் குறிக்கோள்கள்.

தொண்டு செய்யப் போர்க்களம் வேண்டுவதில்லை, வகுப்பறையே போதும். நோயுற்றுப் பல நாள் பள்ளிக்கு வாராத தோழனுக்குப் பாடக் குறிப்புகளை எழுதித் தரலாம். நடக்க இயலாத தோழியின் புத்தகப் பையைச் சுமந்து செல்லலாம். ஒருவர் மயங்கி விழுந்தால், சூழ்ந்து நில்லாமல், காற்றோட்டத்திற்கு வழிவிட்டு, உடனே ஆசிரியரை அழைக்கலாம்.

குறிப்பேடு வாங்க இயலாதவனுக்கு உதவுங்கால் மட்டும் ஒன்றை மறவாதீர்கள். பலர் காணக் கொடுக்கும் பொருள் அவன் குறையைத் தீர்ப்பினும் மானத்தைச் சுடும். ஆதலின், பிறர் அறியாவண்ணம் அன்போடு கொடுங்கள். இன்று உங்களிடம் பெறுபவனே நாளை உங்கள் கணக்கில் எழும் ஐயத்தைத் தீர்ப்பவனாகலாம். கொடுப்பவன் உயர்ந்தவனுமல்லன், பெறுபவன் தாழ்ந்தவனுமல்லன், இருவரும் தோழர்களே.